96 வீதம் வேலை செய்கிறதாம், பிறகு ஏன் தண்ணி வரவில்லை?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் கண்காணிப்பு வேலை பார்க்கிறேன். கொழும்பு வடக்கில், முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கத் தோட்டங்களில் (நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில்) பொதுக் குழாய்களும் மலசலகூடங்களும் திருத்திக் கொடுத்திருக்கிறோம். மட்டக்களப்பில் கிணறுகளும் கைப்பம்புகளும். களத்திலிருந்து மாதாமாதம் கோபோவில் (போனில் படிவம் நிரப்பி அனுப்புகிற செயலி) வருகிற கணக்குப்படி 96 வீதம் வேலை செய்கிறது. ஆனால் போன மாதம் சும்மா சில வீடுகளுக்குப் போன் எடுத்துக் கேட்டால் "தண்ணி வாறதே இல்லை மிஸ்" என்கிறார்கள். இரண்டு மாதத்தில், காசு தருகிற டோனர் தரவைச் சரிபார்க்க ஆள் அனுப்புகிறார். என்னோடு இன்னொருவர்தான் இருக்கிறார், இதற்கென்று ஒதுக்கிய காசும் இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: முதலில், கோபோவைக் குறை சொல்ல வேண்டாம். இந்த மாதிரிக் கேள்வி வரும்போதெல்லாம் வேறு செயலிக்கு மாறலாமா, டாஷ்போர்ட் ஒன்று போடலாமா என்றுதான் ஒபிஸில் பேச்சு ஓடும். அதற்குக் காசைக் கொட்டினால் அதே 96 வீதம் வடிவான கலரில் வரும், அவ்வளவுதான். உங்கள் கணக்கும் அந்த வீட்டுக்காரரும் இரண்டுமே உண்மை சொல்லக்கூடும். "வேலை செய்கிறதா?" என்ற கேள்விக்கு உத்தியோகத்தர் ஒரு அர்த்தத்தில் பதில் எழுதுகிறார், வாளியோடு நிற்கிற ஆள் இன்னொரு அர்த்தத்தில் சொல்கிறார்.

உங்கள் படிவத்தில் அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு பதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உத்தியோகத்தர் காலை பத்து, பதினொரு மணிக்குத் தோட்டத்துக்குள் போகிறார், குழாயைத் திறக்கிறார், தண்ணீர் வருகிறது, ஆம். விடிய ஐந்து மணிக்கு எல்லாரும் ஒரேயடியாகத் திறக்கிற நேரத்தில் அதே குழாய் நூல் மாதிரி ஒழுகுவதை அவர் பார்ப்பதற்கு வழியே இல்லை. கைப்பம்பும் அப்படித்தான். ஐம்பது தடவை அடித்தபிறகு தண்ணீர் வந்தாலும் அது ஆம்தான். கோடையில் இரண்டு மாதம் வற்றிக்கிடந்து மழைக்குப் பிறகு உயிர் வந்த கிணறும் ஆம்தான். ஆபிரிக்காவில் இந்தச் சிக்கலோடு பல காலமாக மாரடிக்கிறார்கள். சகாராவுக்குத் தெற்கே 20 நாடுகளின் தரவைச் சேர்த்து 2009இல் வெளியிட்ட கணக்கில் கைப்பம்புகளில் ஏறக்குறைய 36 வீதம் வேலை செய்யவில்லை என்று வந்தது. அந்த எண்ணைச் சொல்லாத அறிக்கை கிடையாது, ஆனால் ஒவ்வொரு நாடும் "வேலை செய்யவில்லை" என்பதற்கு வேறு வேறு அளவுகோல் வைத்திருந்ததைச் சொல்கிறவர்கள் குறைவு.

ஆகவே அந்த ஒரு கேள்வியைத் தூக்கிவிட்டு மூன்றைப் போடுங்கள். ஒன்று, 20 லீட்டர் கேன் நிரம்ப எத்தனை விநாடி? போனிலேயே ஸ்டொப்வொட்ச் இருக்கிறது, கேன் எந்த வீட்டிலும் கிடைக்கும். அனர்த்தகால உதவிக்கான ஸ்பியர் கைநூல் ஒரு குழாய்க்கு 250 பேர், நிமிடத்துக்கு 7.5 லீட்டர் என்று கணக்குப் போடுகிறது, அப்படியென்றால் கேன் நிரம்ப 2 நிமிடம் 40 விநாடி. கைப்பம்புக்கு 500 பேர், நிமிடத்துக்கு 17 லீட்டர், கேனுக்கு 70 விநாடி அளவில். உங்களுடையது அனர்த்தகால வேலை இல்லை என்றாலும் எது மோசம் என்று பார்க்க இந்த அளவு போதும். இரண்டாவது, கடந்த 14 நாளில் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை? இதை உத்தியோகத்தர் தன் ஊகத்தில் நிரப்பக்கூடாது, பைப்படியில் நிற்கிற ஒரு பெண்ணிடம் கேட்டு எழுத வேண்டும். மூன்றாவது, கடைசியாகப் பழுதான திகதியும் திருத்திய திகதியும். இந்த மூன்றாவதுதான் என் கண்ணுக்கு முக்கியமானது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இப்போது டோனர் வருவதற்கு முன் செய்ய வேண்டியது. எல்லாவற்றையும் திரும்ப எண்ணப் போகாதீர்கள், இரண்டு பேரால் முடியாது, தேவையும் இல்லை. பட்டியலில் உள்ள எல்லாக் குழாய், பம்பு, கிணற்றுக்கும் இலக்கம் போட்டு, துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி 19ஐ எடுங்கள். ஏன் 19? சுகாதாரக் கணக்கெடுப்புகளில் நெடுநாளாகப் பாவிக்கிற, சிலதை மட்டும் எடுத்துப் பார்க்கிற மாதிரியெடுப்பு முறை அது, அதன் அட்டவணையில் 95 வீதம் என்ற கூற்றுக்கு 19இல் குறைந்தது 16 தேற வேண்டும். உண்மையிலேயே 95 வீதம் வேலை செய்கிறதென்றால் 19இல் நாலோ அதற்கு மேலோ பழுதாக அகப்படுவது நூறு தடவையில் ஒன்றிரண்டு தடவைதான். எனவே நாலு பழுது அகப்பட்டால் 96 என்ற கதையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. உண்மை நிலை வெறும் 75 வீதமாக இருந்தாலும் நாலு தடவையில் ஒரு தடவை 16 தேறிவிடும். ஆகவே 19 பார்த்து 16 வந்துவிட்டது, நாங்கள் பாஸ் என்று வெடி கொளுத்த வேண்டாம், முடிந்தால் இன்னொரு 19 எடுங்கள். இந்த முறை கூற்றைத் தள்ளத்தான் உதவும், சரியான வீதத்தைச் சொல்லித் தராது. கொழும்புக்கு ஒரு 19, மட்டக்களப்புக்கு ஒரு 19 தனியாக எடுப்பது இன்னும் நல்லது, இரண்டையும் கலந்தால் எந்தப் பக்கம் ஓட்டை என்று தெரியாது.

பார்க்கப் போகிற நாளை உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள், ஆனால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பொலிஸ் மாதிரித் தனியே போய்ப் பிடித்தால் அடுத்த மாதத்திலிருந்து தரவு இன்னும் கெட்டுப்போகும். கொழும்புக் குழாய்களுக்கு விடிய ஐந்தரைக்கே போங்கள்.

அதேநேரம் கையில் இருக்கிற எக்செலைத் திறந்து, ஒபிஸில் இருந்தபடியே நாலு விஷயம் பார்க்கலாம். தொடங்கிய நேரம், முடித்த நேரம் என்ற இரண்டு நிரல் கோபோவில் வரும், வராவிட்டால் படிவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 கேள்விப் படிவம் நாலு நிமிடத்தில் முடிந்திருந்தால், அதுவும் ஒன்பது படிவம் ஒன்றன் பின் ஒன்றாக, அது மரத்தடியில் இருந்து நிரப்பியது. ஜி.பி.எஸ்.ஸைப் பாருங்கள். இலங்கையில் எந்த இடமென்றாலும் அகலாங்கு 5.9க்கும் 9.9க்கும் இடையில், நெட்டாங்கு 79.5க்கும் 82க்கும் இடையில். கையால் தட்டிப் போடும்போது இரண்டும் இடம் மாறிவிட்டால் முகத்துவாரத்துப் பைப்படி வடதுருவப் பக்கம் ஆர்ட்டிக் கடலுக்குள் போய் விழும். இந்த எல்லையைப் படிவத்திலேயே போட்டுவிட்டால் தவறான எண்ணை அது ஏற்காது. அப்புறம் போட்டோ. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும், போன வருடப் படம் இந்த மாதம் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கோபோவுக்குள்ளேயே, கலரியிலிருந்து தெரிவு செய்ய விடாமல், புதிதாக எடுக்கும்படி வையுங்கள். கடைசியாக, மாதாமாதம் ஒரே எண் வருகிற இடங்கள். ஆறு மாதமாக ஒரு தோட்டத்தில் ஒரு குழாயும் பழுதாகவில்லை என்றால் எனக்கு அதுதான் சந்தேகம், குழாய் என்றால் வாஷர் தேயும்தானே. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்கு கியூஆர் வந்த காலத்துத் தரவு இருந்தால் தனியே குறித்து வையுங்கள். அப்போது பல இடங்களில் போனிலேயே கேட்டு நிரப்பினார்கள், வேறு வழியும் இருக்கவில்லை.

தண்ணீரின் தரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் படிவத்தில் குளோரின் நிரல் கட்டாயம் இருக்கும், டோனரின் ஆள் முதலில் கை வைப்பதும் அங்கேதான். அதில் 0.2, 0.5 என்று இரண்டே எண் திரும்பத் திரும்ப வந்தால் ஆள் பார்த்து எழுதவில்லை, கைநூலில் உள்ளதை எழுதியிருக்கிறார். இதைவிட மோசமானது சுழியம். டி.பி.டி. மாத்திரை போட்டால் குளோரின் உள்ள தண்ணீர் இளஞ்சிவப்பாகும், ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறத்தையே வெளிற வைத்துவிடும், தண்ணீர் தெளிவாகவே நிற்கும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குள் குளோரின் தூளைக் கொட்டியவர் சோதித்துப் பார்க்கிறார், நிறமே இல்லை, சுழியம் என்று எழுதுகிறார், போதவில்லை என்று இன்னும் கொட்டுகிறார். மாத்திரை விழுந்த அந்தக் கணத்தில் ஒரு சிவப்பு மின்னி மறைகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். மின்னினால், குளோரின் இல்லாத போத்தல் தண்ணீரை ஒன்றுக்கு ஒன்பது பங்கு கலந்து திரும்பச் சோதித்து, வருகிற எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். ஈ. கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) பார்க்கிறீர்கள் என்றால், குளோரின் போட்ட தண்ணீர் எடுக்கிற போத்தலில் சோடியம் தயோசல்பேற் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகிற வழியெல்லாம் போத்தலுக்குள்ளேயே குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டு வரும், ஆய்வுகூடத்தில் நல்ல தண்ணீர் என்று முடிவு வரும். பெட்டிக்குள் ஐஸ் வைத்து, முடிந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள், எப்படியும் 24 மணித்தியாலத்தைத் தாண்டாமல் சேர்த்துவிட வேண்டும். மட்டக்களப்பில் எடுத்துக் கொழும்புக்குப் பஸ்ஸில் போட்டு அனுப்புகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

மலசலகூடத்தில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து 1990இலிருந்து நடத்துகிற கூட்டுக் கண்காணிப்புத் திட்டம் வசதிகளைப் படி படியாகத் தரம் பிரிக்கிற ஏணியில், இரண்டு குடும்பம் பகிர்கிற மலசலகூடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் "அடிப்படை" என்ற படிக்கு ஏறாது, ஒரு படி கீழேதான் நிற்கும். கொழும்புத் தோட்டங்களில் நீங்கள் திருத்தியது பெரும்பாலும் பொதுவானவை. அறிக்கையில் யாராவது அவற்றை அடிப்படை என்று போட்டிருந்தால் இப்போதே மாற்றுங்கள். தண்ணீரிலும், எடுத்துத் திரும்ப வர வரிசையில் நிற்கிற நேரத்தோடு 30 நிமிடத்தைத் தாண்டினால் அதே கதைதான்.

கை கழுவுவதைப் பற்றி "சவர்க்காரம் போட்டுக் கழுவுவீர்களா?" என்று கேட்கிற கேள்வி இருந்தால் வெட்டி எறியுங்கள். எங்கள் ஆட்கள் வந்தவரின் மனம் நோகப் பதில் சொல்ல மாட்டார்கள். கூடவே நின்று பார்ப்பதுகூட முழு விடை இல்லை. பங்களாதேஷில் சவர்க்காரக் கட்டிக்குள் அசைவை அளக்கிற கருவியை ஒளித்து வைத்துப் பார்த்தபோது, ஆள் நின்று கவனிக்கிற நாளில் சவர்க்காரம் அசைவது 35 வீதம் கூடியது. கை கழுவுகிற இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் குறிப்பதோடு நிறுத்துங்கள்.

பயனாளிகள் எண்ணிக்கை கட்டாயம் கூடத்தான் இருக்கும். குழாய்க்கு 250 என்று பெருக்கியது, குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று பெருக்கியது (இலங்கையில் சராசரிக் குடும்பம் நாலு பேருக்கும் குறைவு), மலசலகூடம் வாங்கிய குடும்பமே சுகாதார வகுப்புக்கும் வந்து இரண்டு தடவை எண்ணப்பட்டது, எல்லாம் இருக்கும். இது புதிய வியாதி இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரத்தில் உப்பேறிய கிணறுகளை ஆளாளுக்கு இறைத்துச் சுத்தம் செய்தார்கள். ஒரே கிணற்றை ஒரு அமைப்புக்குப் பிறகு இன்னொரு அமைப்பு வந்து இறைத்தது, ஒவ்வொன்றின் அறிக்கையிலும் அது "சுத்தம் செய்த கிணறு" என்று ஏறியது. உப்பு குறைந்ததா என்ற நிரல் பல அறிக்கைகளில் இல்லை. மணலுக்கடியில் உப்பு நீருக்கு மேல் மெல்லிசாக மிதக்கிற நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்புத்தான் மேலே வரும். மாரி மழைதான் அந்தக் கிணறுகளைப் பெரும்பாலும் மீட்டது, இறைத்த கணக்கு இல்லை. உங்கள் மட்டக்களப்புக் கிணறுகளுக்கு உப்பைக் காட்டிக்கொடுக்கிற மின்கடத்துதிறனை அளக்கிற சின்ன மீற்றர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், பெரிய விலை இல்லை.

சரி, மேலே விட்ட விஷயத்துக்கு வருகிறேன், பழுதான திகதியும் திருத்திய திகதியும். இப்போது உங்கள் உத்தியோகத்தர் "இல்லை" என்று போட்டால் என்ன நடக்கிறது? ஒபிஸிலிருந்து போன் வரும், ஏன் குறைந்தது என்று விளக்கம் எழுத வேண்டும், மாதக் கூட்டத்தில் அவர் பெயர் அடிபடும், குழாய் மட்டும் திருந்தாது. அந்த மனிதன் ஏன் "இல்லை" போடப் போகிறார்? "எத்தனை வீதம் வேலை செய்கிறது" என்ற எண்ணை வைத்து ஆட்களை மதிப்பிடுவதை நிறுத்திவிட்டு, பழுது தெரிந்த நாளிலிருந்து திருத்த எத்தனை நாள் எடுத்தது என்பதைப் பாருங்கள். அந்த எண்ணில் பழுதைச் சொல்கிறவருக்கு நட்டமில்லை, நாள் கூடினால் பொறுப்பு ஒபிஸின் பக்கம் வந்துவிடும், முகாமையாளருக்கு இது பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. வாஷர், சிறு பாகங்களுக்கு ஒரு சின்னத் தொகையைக் களத்திலேயே விட்டுவைக்க அவரைச் சம்மதிக்க வைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு, 40 கேள்வியைப் பன்னிரண்டாக்குங்கள். போன வருடம் எந்த முடிவுக்கும் பாவிக்காத கேள்விகளை முதலில் எடுங்கள். வீட்டுக்காரரின் அடையாள அட்டை இலக்கத்தை எல்லாம் கேட்டு வைத்திருந்தால் அதையும் எடுங்கள், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

டோனருக்கு என்ன சொல்வது? அவர் ஆள் வருவதற்கு முன் நீங்களே எழுதுங்கள். 38 குழாய் வேலை செய்கிறது என்று அறிக்கை போனது, போய்ப் பார்த்தால் 31தான் என்றால் 31ஐ 38ஆல் வகுத்து 0.82 என்று வெளிப்படையாகப் போட்டு, கீழே எந்த மாதத்திலிருந்து அளவுகோலை மாற்றினீர்கள், பழைய எண்ணோடு புதியதை ஏன் ஒப்பிட முடியாது என்று இரண்டு பந்தி. பொதுவாகப் பத்து வீத வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வார்கள், அதைத் தாண்டினால் காரணம் கேட்பார்கள். காரணம் ஏற்கெனவே உங்கள் கடிதத்தில் இருந்தால் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும், வருகிற ஆள் தானே கண்டுபிடித்தால் பழைய அறிக்கை எல்லாவற்றையும் கிண்டத் தொடங்குவார். கடிதத்தோடு அந்த 19 இடத்தின் பட்டியலையும் கேன் நிரம்பிய விநாடிகளையும் இணையுங்கள், மட்டக்களப்புக்குப் போய்வரும் பஸ் காசையும் பெற்றோலையும் அடுத்த பட்ஜெட்டில் சரிபார்ப்புக்கென்று தனி வரியாகக் கேட்டுவிடுங்கள்.