அத்தையையும் கூட்டிட்டுப் போங்க

கேள்வி: திருமங்கலம் பக்கத்துல இருக்கோம். மூத்தவனுக்கு ஆறு வயசு, ஒண்ணாப்பு முடிச்சிருக்கான். சின்னவளுக்கு மூணு. போன லீவுல ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் ஒரே நாள்ல ரெண்டு மியூசியம் காட்டினோம். அவன் கால் வலிக்குதுன்னு ஒரே அழுகை, இவ ஓடுன ஓட்டத்துல எங்களால நிக்கவே முடியல. வீட்டுக்கு வந்து என்னடா பார்த்தன்னு கேட்டா "ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்"ங்கிறான். எங்க அத்தை, "இந்த வயசுல இதுகளுக்கு என்ன தெரியும், தமுக்கம் பொருட்காட்சிக்குப் போயிருந்தா ராட்டினமாவது சுத்தியிருக்கும்"னு சொல்லிக் காட்டிட்டே இருக்காங்க. இந்த லீவுல கீழடிக்குப் போகணும்னு எனக்கு ஆசை. போலாமாக்கா, இல்ல இன்னும் ரெண்டு வருஷம் போகட்டுமா? காந்தி மியூசியத்துல இருக்கிற ரத்தக்கறைத் துணியைச் சின்னப் பிள்ளைங்களுக்குக் காட்டலாமா?
– திருமங்கலம் வாசகி

பதில்:

தங்கச்சி, போங்க. ரெண்டு வருஷமெல்லாம் காத்திருக்க வேண்டாம், ஆறு வயசுதான் சரியான வயசு, எதைப் பார்த்தாலும் ஏன் எதுக்குன்னு கேக்குற வயசு அது. பத்து வயசுக்கு மேல ஆச்சுன்னா டியூஷன், டெஸ்ட்டுன்னு கேக்குறதையே விட்டுருதுங்க.

ஆனா ஒரே நாள்ல ரெண்டு இடம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு என் பையன் ஞாபகம் வந்துருச்சு. அவனுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது வெளியூர்ல ஒரு நாள்ல மூணு இடம் காட்டணும்னு இழுத்துட்டுத் திரிஞ்சேன், செலவு பண்ணி வந்திருக்கோம் எல்லாத்தையும் பார்த்துறணும்னு ஒரு வெறி. மூணாவது இடத்து வாசல்ல உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டான், நான் முதுகுல ஒண்ணு வச்சுட்டேன். இன்னைக்கு அவன் ஒரு பிள்ளைக்கு அப்பா. அந்த ஊர்ப் பேரைச் சொன்னா அவனுக்கு அந்த அடி மட்டும்தான் ஞாபகம் இருக்கு, உள்ள பார்த்தது ஒண்ணு கூட இல்ல. அதனால சொல்றேன், ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் போதும், பாதி பார்க்காம விட்டுட்டு வந்தாலும் ஒண்ணும் குடி முழுகிப் போயிராது, கீழடி எங்கயும் போகப் போறதில்ல.

உங்க பையன் ஐஸ்கிரீம்னு சொன்னதுக்கும் வருத்தப்படாதீங்க. என்ன பார்த்தன்னு மொத்தமா கேட்டா பெரியவங்களுக்கே பதில் வராது. வீட்டுக்கு வந்ததும் பரீட்சை வைக்குற மாதிரி கேக்காதீங்க, ரெண்டு நாள் கழிச்சு குளிக்கும்போதோ தூங்கும்போதோ அவனே எதையாவது ஆரம்பிப்பான், அப்ப காது குடுங்க, அது போதும்.

இப்ப கீழடி. உங்களுக்கு ரொம்ப வசதி, மதுரைக்குள்ளயே வர வேண்டாம், கப்பலூர்ல ரிங் ரோடு ஏறி விரகனூர்ல ராமேஸ்வரம் ரோட்டைப் புடிச்சு சிலைமான் தாண்டினா வந்துரும். சிவகங்கை மாவட்டம்தான், ஆனா மதுரையில இருந்து பன்னிரெண்டு பதிமூணு கிலோமீட்டர். 2023 மார்ச் 5ஆம் தேதி திறந்த மியூசியம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்காங்க, திண்ணை, தூண், ஓடு, நடுவுல முற்றம். சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டுப் போறவங்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி. ஒரே பெரிய ஹால்ல அடைஞ்சு கிடக்க வேண்டாம், தனித்தனிக் கட்டிடமா இருக்கிறதால ஒண்ணு பார்த்துட்டு வெளிய வந்து காத்து வாங்கிட்டு அடுத்ததுக்குப் போலாம், மூணு வயசுக்காரி வெளிய நாலு சுத்து ஓடிட்டு வரட்டும்.

அங்க என்ன பார்க்கிறதுன்னா, பையன்கிட்ட முதல் நாள் ராத்திரியே கதையா சொல்லி வைங்க. தென்னந்தோப்பு இருந்த மேடு ஒண்ணு, பள்ளிச்சந்தைத் திடல்னு பேரு, அங்க 2014-15ல மத்திய தொல்லியல் துறை ஆளுங்க குழி தோண்ட ஆரம்பிச்சாங்க, அப்புறம் நம்ம மாநிலத் தொல்லியல் துறை எடுத்து நடத்துச்சு, செங்கல் சுவர், உறைகிணறு, பானை, பாசிமணின்னு வந்துக்கிட்டே இருந்துச்சு, கரித்துண்டை எடுத்து வெளிநாட்டு லேப்புக்கு அனுப்பி வயசு பார்த்தா கி.மு. 580ன்னு சொல்லிருச்சு, அதாவது 2600 வருஷத்துக்கு முன்னாடி நம்ம வைகைக் கரையில வீடு கட்டி, நூல் நூத்து, எழுதப் படிக்கத் தெரிஞ்ச சனங்க இருந்திருக்காங்கன்னு. பிள்ளைக்கு 2600ங்கிறது புரியாது, அப்பத்தாவோட அப்பத்தாவோட அப்பத்தான்னு மூச்சு முட்டுற வரைக்கும் சொல்லச் சொல்லுங்க, அம்பது தடவை சொன்னாத்தான் அந்தக் காலத்துக்குக் கிட்டத்துல போலாம்னு சொல்லுங்க, அது புரியும்.

உள்ள போனதும் எல்லா போர்டையும் படிச்சுக் காட்டாதீங்க. விளையாட்டுச் சாமான் எங்க இருக்குன்னு கேட்டு நேரா அங்க போங்க. சுடுமண்ல செஞ்ச வட்டச் சில்லு, ஆட்டக்காய், பகடைக்காய் எல்லாம் கீழடியில நிறைய கிடைச்சிருக்கு. போன வருஷம் என் அம்மாவையும் தங்கச்சி பேத்தியையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, வாழ்க்கையில மியூசியம்னு ஒண்ணுக்கும் போனதில்ல, கார்லயே உக்காந்திருக்கேன், கால் கடுக்கும்னாங்க, வம்பா இறக்கிக் கூட்டிட்டுப் போனேன். அந்தச் சில்லு வச்சிருந்த கண்ணாடிகிட்ட வந்ததும் நின்னுட்டாங்க. "அடி ஆத்தி, இது நாங்க பாண்டி ஆடுன சில்லுல்ல"ன்னாங்க. பானை ஓட்டை எடுத்து ஓரத்தை உரசி உரசி வட்டமாக்கினது, விளிம்புல ஒரு பக்கம் சரியா வட்டமாகாம லேசா மொட்டையா நிக்குது, அதைக் காட்டி "இங்க பாரு, தேய்க்கிறதுக்குச் சோம்பல்பட்டு விட்ருக்கா, நானும் இப்படித்தான் விடுவேன்"னு சொன்னாங்க. பேத்தி மூக்கைக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு அதையே பார்த்துச்சு. வெளிய முற்றத்துக்கு வந்ததும் அம்மா என் தோளைப் புடிச்சுக்கிட்டு ஒத்தக் காலைத் தூக்கி எப்படி நொண்டணும்னு காட்டினாங்க. அந்தப் பிள்ளை அன்னைக்குப் பார்த்த மத்ததெல்லாம் மறந்தாலும் மறக்கும், அதை மறக்காது.

அதனாலதான் சொல்றேன், உங்க அத்தையைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. அவங்க சொல்றதை வச்சு மனசுல எடுத்துக்காதீங்க, அவங்களுக்கு மியூசியம்னா படிச்சவங்க சமாச்சாரம், தனக்கு அங்க ஒண்ணும் இல்லைன்னு ஒரு எண்ணம், அம்புட்டுதான். உண்மையில உங்களை விட என்னை விட அவங்களுக்குத்தான் அங்க இருக்கிறது தெரியும். நூல் நூக்குற தக்களி இருக்கு, பானை இருக்கு, கருப்பு சிவப்புப் பானை ஓடு இருக்கு, பாசிமணி இருக்கு, தங்க நகைத் துண்டும் இருக்கு. இது எதுக்கு அப்பத்தான்னு பையன் அவங்ககிட்ட கேக்கட்டும். மண்பானையில வச்ச தண்ணி ஏன் சில்லுன்னு இருக்கு, புதுப் பானையை எப்படிப் பழக்குறதுன்னு அவங்க சொல்ற பதிலை எந்த போர்டுலயும் எழுதி வைக்கல. "அத்தை, நீங்க வந்தாத்தான் இவனுக்குச் சொல்லித் தர முடியும், எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு கேட்டுப் பாருங்க, வராம இருக்க மாட்டாங்க.

அப்புறம் எழுத்து. பானை ஓட்டுல கீறின எழுத்து கிடைச்சிருக்கு, தமிழி, தமிழ் பிராமின்னும் சொல்வாங்க, ஆதன், குவிரன்னு ஆளுங்க பேரு. யாரோ ஒருத்தர் தன் பானைன்னு அடையாளத்துக்குப் பேரு கீறி வச்சிருக்காங்க, உங்க பையன் டிபன் பாக்ஸ்ல பேரு எழுதிக் குடுக்குறீங்கள்ல அதே மாதிரிதான், அப்படியே அவன்கிட்ட சொல்லுங்க. தமிழியில க எழுத்து அப்படியே கூட்டல் குறி மாதிரி இருக்கும். ஒண்ணாப்பு முடிச்ச பிள்ளைக்குக் கூட்டல் தெரியும், இதுதான்டா அந்தக் காலத்து கன்னு காட்டுங்க, மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாருங்க. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கையில குடுத்துருங்க, அந்தக் கீறலுங்களைப் பார்த்து வரையட்டும், வரையுற பிள்ளை ஓடாது. போன் வேண்டாம், நீங்களும் பைக்குள்ள போட்டுருங்க, போட்டோ எடுக்க நில்லு நில்லுன்னு சொல்லிச் சொல்லியே பாதி நேரம் போயிரும்.

பக்கத்து ஊர் கொந்தகையில எடுத்த முதுமக்கள் தாழியைப் பத்திக் கேட்டா மழுப்பாதீங்க, செத்துப் போனவங்களைப் பத்திரமா வச்ச பானைன்னு நேரா சொல்லிருங்க, பிள்ளைங்க நாம நினைக்கிற அளவுக்குப் பயப்படாதுங்க, நாம குரலைத் தாழ்த்திக் குசுகுசுன்னா தான் பயப்படும்.

சின்னவளுக்கு இதெல்லாம் வேண்டாம். மூணு வயசுக்கு ஒரு காளை பொம்மை, ஒரு பாசிமணி, அவ்வளவுதான், அதுக்கு மேல அவகிட்ட எதிர்பார்க்கிறது பாவம். நீங்களும் உங்க வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி ஒருத்தர் அவளோட வெளிய இருங்க. நீங்க மட்டும் முழு நேரமும் வெளிய இருந்துட்டு வராதீங்க தங்கச்சி, ஆசைப்பட்டது நீங்கதான, நீங்களும் பார்க்கணும்.

நேரம் முக்கியம். காலையில சாப்பிட வச்சு, திறந்ததும் முதல் ஆளா போயிருங்க, சித்திரை வெயில்ல பத்தரை பதினொண்ணுக்கு மேல பிள்ளைங்க வாடிரும். போனதும் முதல்ல பாத்ரூம் எங்கன்னு பார்த்து ரெண்டையும் போகச் சொல்லிருங்க. தண்ணி, ஒரு டவல், கொஞ்சம் கடலை முட்டாய். ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் கூட்டம் அள்ளும், வார நாள்ல லீவு போட முடிஞ்சா போடச் சொல்லுங்க. எந்த மியூசியத்துக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு இருக்கும், எந்த நாள்ங்கிறது இடத்துக்கு இடம் மாறும், அதனால முதல் நாள் ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்புங்க, பூட்டின கேட்டைப் பார்த்துட்டுத் திரும்புனா அத்தைக்கு அது போதும்.

காந்தி மியூசியம் இன்னொரு நாள், இன்னொரு லீவு. ராணி மங்கம்மாள் இருந்த தமுக்கம் அரண்மனை அது, 1959ல நேரு வந்து திறந்து வச்சது, அதே வளாகத்துலதான் அரசு அருங்காட்சியகமும் இருக்கு, பக்கத்துல ராஜாஜி பார்க் இருக்கு, பார்த்து முடிச்சதும் சின்னவளுக்கு ஊஞ்சல். ரத்தக்கறைத் துணி பத்திக் கேட்டீங்க. ஆறு வயசுக்காரனுக்குக் காட்டலாம், ஆனா அதையே முதல்ல காட்டாதீங்க. முதல்ல மனுஷனைத் தெரியணும், அப்புறம்தான் அந்தத் துணிக்கு அர்த்தம். நம்ம ஊர் கதையில இருந்து ஆரம்பிங்க: 1921 செப்டம்பர் 22, மேல மாசி வீதி வீட்டு மாடியில தங்கியிருந்தப்ப, கதர் வாங்க எங்ககிட்ட காசு இல்லன்னு ஏழை சனங்க சொன்னதை நினைச்சு நினைச்சு, இனிமே எனக்குச் சட்டை வேண்டாம் தொப்பி வேண்டாம், முழங்கால் வரைக்கும் ஒரு துணி போதும்னு காந்தி முடிவு பண்ணினது நம்ம மதுரையிலதான். சாகிற வரைக்கும் அப்படித்தான் இருந்தாரு. இந்தக் கதை தெரிஞ்ச பிள்ளை அந்தத் துணி முன்னாடி நின்னா, "1948ல ஒருத்தர் தாத்தாவைச் சுட்டுட்டாரு, அன்னைக்கு அவர் உடம்புல இருந்த துணி இது"ன்னு ஒரே ஒரு வரி சொல்லுங்க. ஏன் சுட்டாங்கன்னு கேட்டா, அவர் எல்லா மதத்துக்காரங்களும் ஒண்ணா இருக்கணும்னு சொன்னது சில பேருக்குப் பிடிக்கலன்னு சொல்லுங்க, அதுதான் உண்மை, அவனுக்கும் அது புரியும். அழுதா தூக்கிக்கோங்க. சின்னவளை அந்தப் பக்கம் கூட்டிட்டே போக வேண்டாம்.

திருமலை நாயக்கர் மகாலைப் பத்தியும் ஒரு வார்த்தை. 1636ல கட்டினது, அங்க படிக்கிறதுக்கு ஒண்ணும் வேண்டாம், தூணைக் கட்டிப் பிடிக்கச் சொல்லுங்க, ஒரு தூணை வளைச்சுப் பிடிக்க வீட்ல எத்தனை பேரு வேணும்னு கை கோத்துப் பாருங்க, அப்பத்தாவையும் சேர்த்து. மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்துல 985 தூண்தான் இருக்குன்னு சொல்லி எண்ணச் சொன்னா பெரிய பிள்ளைங்க ஒரு மணி நேரம் சத்தமில்லாம இருக்கும். வெயில் தாங்காத நாள்ல நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போயிருங்க, ஏசி, பிள்ளைங்களுக்குன்னே தனிப் பகுதி இருக்கு, மூணு வயசுக்காரிக்கு உண்மையில அதுதான் ஏத்த இடம்.

கீழடியில இருந்து வந்த மறுநாள் ஒண்ணு பண்ணுங்க. உடைஞ்ச மண்சட்டியோ ஓட்டுத்துண்டோ இருந்தா எடுத்து அத்தை கையில குடுங்க, இவனுக்கு ஒரு சில்லு செஞ்சு குடுங்கன்னு. வாசப்படி சிமெண்ட்ல தண்ணி தொட்டுத் தொட்டுத் தேய்ச்சா வெரசா வட்டமாயிரும். அவனே தேய்க்கட்டும், விரல் நுனி சிமெண்ட்ல படாம துண்டைச் சரியாப் பிடிச்சிருக்கானான்னு மட்டும் பார்த்துக்கங்க.