சேவா நிதி எவ்வளவு, சேரும் பிரிவு எது? படைப்பணி குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகன் பிளஸ் டூ கணிதப் பிரிவில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருக்கிறான். அக்னிவீர் ஆனால் நான்கே வருடத்தில் 12 லட்சம் மொத்தமாக வரும் என்கிறார்கள். வீட்டில் கடன் இருக்கிறது. அந்தப் பணத்தை நம்பி அனுப்பலாமா?
– ஒரு தாய், வேலூர் மாவட்டம்

பதில்: அம்மா, அக்னிவீர் என்பவர் நான்கு வருடத்துக்கு மட்டும் படையில் சேர்க்கப்படும் வீரர். பணி முடிவில் மொத்தமாக வரும் தொகைக்குப் பெயர் சேவா நிதி. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். முதல் வருடச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். அதில் 21,000 கைக்கு வரும். மீதி 9,000 பிடித்தம் செய்யப்பட்டு நிதியில் சேரும், அதே அளவு தொகையை அரசும் போடும். இரண்டாம் வருடம் சம்பளம் 33,000, கைக்கு 23,100. மூன்றாம் வருடம் 36,500, கைக்கு 25,550. நான்காம் வருடம் 40,000, கைக்கு 28,000. நான்கு வருடப் பிடித்தம் 5.02 லட்சம், அரசின் பங்கு 5.02 லட்சம், வட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 11.71 லட்சம். இதற்கு வருமான வரி கிடையாது. ஆக, சேவா நிதியில் பாதி உங்கள் மகனே சம்பாதித்த சம்பளம்.

அரசு போடும் மறுபாதியையும் பரிசாக நினைக்க வேண்டாம். வழக்கமான சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700, அதோடு படைப்பணிக்கான தனித் தொகையான மிலிட்டரி சர்வீஸ் பே 5,200, இந்த இரண்டுக்கும் அகவிலைப்படி உண்டு. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதமானபோது இது மட்டுமே 40,350 ரூபாய் ஆனது. அக்னிவீருக்கு அகவிலைப்படியும் இல்லை, சர்வீஸ் பேயும் இல்லை. அவருடைய 30,000 ரூபாயோடு அரசு போடும் 9,000 ரூபாயைக் கூட்டினால் 39,000. வழக்கமான சிப்பாய்க்கு மாதாமாதம் கிடைப்பதில் ஒரு பகுதியைத்தான் அக்னிவீர் நான்கு வருடம் கழித்து மொத்தமாக வாங்குகிறார். அதற்கு மேல் பென்ஷனும் கிராஜுவிட்டியும் அவருக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு வருடம் முடிந்ததும் ஓர் அணியில், அதாவது ஒன்றாகச் சேர்ந்தவர்களில், அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். அப்படி எடுக்கப்படுபவருக்கு அவருடைய பங்கும் அதன் வட்டியும் மட்டுமே கிடைக்கும், அரசின் பங்கு வராது. மகன் நன்றாகப் பணியாற்றித் தேர்வானால் கைக்கு வருவது 11.71 லட்சத்தில் பாதி, 6 லட்சத்துக்கும் கொஞ்சம் கீழே. நீங்கள் ஆசைப்பட வேண்டிய முடிவும் அதுதான். ஆகவே 12 லட்சத்தை வைத்து வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

கடனைப் பொறுத்தவரை, மாதாமாதம் கைக்கு வரும் பணம்தான் உதவும். உணவும் தங்குமிடமும் படையே தருவதால் முதல் வருடத்திலிருந்தே அவரால் வீட்டுக்கு அனுப்ப முடியும். சேவா நிதிக்கு பி.பி.எஃப். எனும் பொது சேமநல நிதியின் அளவு வட்டிதான், அதாவது சில வருடங்களாக 7.1 சதவீதம். இரண்டு வட்டிக்கு வாங்கிய கடனுக்கு வருடம் 24 சதவீதம் ஓடும். நிதி வந்ததும் அடைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கடனை நான்கு வருடம் விட்டுவைத்தால் வட்டி மட்டுமே ஏறக்குறைய முதல் அளவுக்கு வந்து நிற்கும்.

கேள்வி: நான் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்துவிட்டு ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் முடித்திருக்கிறேன். ஜெனரல் டியூட்டி (பொதுச் சிப்பாய் பணி) என்றால் சுலபமாகக் கிடைக்கும், எதில் சேர்ந்தாலும் சேவா நிதி ஒன்றுதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். டெக்னிக்கலுக்கு முயற்சி செய்து வருடத்தை வீணாக்கலாமா?
– ஓர் இளைஞர், தர்மபுரி

பதில்: பணம் எல்லாப் பிரிவிலும் ஒன்றுதான் என்பது சரி, தம்பி. அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பணத்துக்கு வேலையே இல்லை. நான்கு வருடம் கழித்து உங்கள் கையில் என்ன தொழில் மிஞ்சும் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

ஜெனரல் டியூட்டிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும், பாடத்துக்கு 33 சதவீதமும் போதும். டெக்னிக்கலுக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் படித்து மொத்தம் 50, பாடத்துக்கு 40 சதவீதம் வேண்டும். உங்களிடம் அது இருந்தால் வருடம் வீணாகும் என்ற பயமே வேண்டாம். 2025 முதல் ஒரே விண்ணப்பத்தில் தகுதிக்கேற்ப இரண்டு பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். டெக்னிக்கலை முதலாவதாகவும் ஜெனரல் டியூட்டியை இரண்டாவதாகவும் வையுங்கள். ஆன்லைன் நுழைவுத் தேர்வு இப்போது தமிழிலும் இருக்கிறது. தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும், அதனால் தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் விடை குறிக்காதீர்கள். ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு டெக்னிக்கல் பிரிவில் கூடுதல் மதிப்பெண் உண்டு. சான்றிதழ் விவரத்தை விண்ணப்பிக்கும்போதே பதிய வேண்டும், ரேலிக்கு (உடல்திறன் தேர்வு முகாமுக்கு) மூலச் சான்றிதழைக் கொண்டுபோக வேண்டும். படிப்பை முடித்தும் சான்றிதழ் கைக்கு வராத நிலையில் விண்ணப்பித்து இந்த மதிப்பெண்ணை இழப்பவர்கள் நிறையப் பேர்.

ரேலியில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பத்து புல்–அப், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுதல், வளைந்த கட்டை மேல் நடத்தல் உண்டு. ஓட்டத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண், பத்து புல்–அப்புக்கு 40. தார் ரோட்டில் மட்டுமே பழகியவர்கள் மண் மைதானத்தில், கூட்டத்துக்கு நடுவே ஓடும்போது முதல் சுற்றிலேயே பின்தங்கிவிடுகிறார்கள். மண்ணில் பழகுங்கள், பத்துப் பதினைந்து பேரோடு சேர்ந்து ஓடுங்கள்.

டெக்னிக்கலில் தேர்வானவர் எந்தப் படைப்பிரிவுக்குப் போவார் என்பதைப் படையின் தேவையும் தகுதிப் பட்டியலும் முடிவு செய்யும். இ.எம்.இ. (வாகனம், கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு), சிக்னல்ஸ் (தொலைத்தொடர்பு), என்ஜினீயர்ஸ் எதுவாகவும் இருக்கலாம். விரும்பிய இடம் கிடைக்கும் என்று யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது. உறுதி தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் புரோக்கர். ஆனாலும் ஜெனரேட்டர், வாகனம், தொலைத்தொடர்புக் கருவி என்று நான்கு வருடம் கையில் கருவியோடு வேலை செய்துவிட்டு 23 வயதில் வருபவரின் நிலை வேறு. உங்களைப் போன்றவர் ஜெனரல் டியூட்டியில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தால் ஐ.டி.ஐ.யில் கற்றதை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும். களத்தில் துப்பாக்கியோடு நிற்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் ஜெனரல் டியூட்டியை மனமாரத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. சுலபமாகக் கிடைக்கிறதே என்று மட்டும் அதில் சேராதீர்கள்.

கேள்வி: வெளியே வந்தால் துணை ராணுவத்தில் ஒதுக்கீடு இருக்கிறதே, பிறகு என்ன கவலை? இடையில் பிடிக்காவிட்டால் வந்துவிடலாம் அல்லவா?
– சிவகங்கை வாசகர்

பதில்: இரண்டாவதுக்கு முதலில் பதில்: முடியாது. விருப்பப்பட்டு இடையில் விலக அனுமதி இல்லை. மிக அரிதான காரணத்துக்காக அதிகாரிகள் விடுவித்தாலும் உங்கள் பங்கும் அதன் வட்டியும் மட்டுமே கிடைக்கும். நான்கு வருடம் முடியும்வரை திருமணமும் கூடாது. விடுப்பு வருடத்துக்கு 30 நாள்.

ஒதுக்கீட்டை வேலைக்கான உத்தரவாதம் என்று நினைக்காதீர்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீர்களுக்கு இடம் ஒதுக்குவதாகவும், உடல்திறன் தேர்விலிருந்து விலக்கு தருவதாகவும், வயதில் மூன்று வருடம் தளர்த்துவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். முதல் அணிக்கு மட்டும் ஐந்து வருடத் தளர்வு. மற்ற தேர்வுகளை எழுதித்தான் ஆக வேண்டும். கான்ஸ்டபிள் பதவிக்குப் பொதுப் பிரிவு வயது வரம்பு 23, தளர்வோடு 26. பதினெட்டில் சேர்ந்து 22-ல் வருபவருக்கு நான்கு வருட அவகாசம் இருக்கும். இருபத்தொன்றில் சேர்ந்து 25-ல் வருபவருக்கு ஒரு தேர்வு கிடைத்தால் பெரிது. ஆகவே வயது ஏற ஏற இந்த ஒதுக்கீட்டின் மதிப்பு குறைகிறது. இருபதைத் தாண்டியவர்கள் இதை நன்றாக யோசித்தே கையெழுத்துப் போட வேண்டும்.

முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி அக்னிவீருக்குக் கிடையாது. கேன்டீன் கார்டும் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமும் வராது. பணிக்காலத்தில் 48 லட்சம் ஆயுள் காப்பீடு உண்டு, அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. பணியின் காரணமாக உயிரிழந்தால் மேலும் 44 லட்சம் தருவார்கள், ஆனால் குடும்பப் பென்ஷன் கிடையாது. பெற்றோருக்கு இதைச் சொல்லிவிட்டுச் சேருங்கள். பத்தாம் வகுப்போடு சேர்பவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிளஸ் டூ முடிக்கலாம். இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பட்டத்துக்குப் படைப்பயிற்சியே பாதி மதிப்பீட்டுப் புள்ளிகளாகக் (கிரெடிட்) கணக்கில் சேரும். நான்கு வருடத்தில் இதைச் செய்யாமல் வருபவருக்கு, பிறகு பல தேர்வுகளுக்குக் கல்வித் தகுதியே தடையாக நிற்கும்.

கேள்வி: எங்கள் மகனுக்கு கிரீன் கார்டு இருக்கிறது, 19 வயது. அமெரிக்க ராணுவத்தில் ஒரு குறிப்பிட்ட பிரிவில் உடனே சேர்ந்தால் 30,000 டாலர் போனஸ் என்கிறார் ரெக்ரூட்டர் (ஆள்சேர்ப்பு அலுவலர்). அவனுக்கோ மெக்கானிக் வேலையில்தான் ஆர்வம்.
– டல்லாஸ் வாசகர்

பதில்: அங்கே போனஸ் மூன்றைப் பொறுத்தது: எந்த வேலைப் பிரிவு, எத்தனை வருட ஒப்பந்தம், எவ்வளவு சீக்கிரம் பயிற்சிக்குக் கிளம்புவது. 2022 ஜனவரியில் ஆறு வருட ஒப்பந்தத்துக்கு 50,000 டாலர் வரை தருவதாக அறிவித்தார்கள். எந்தப் பிரிவில் ஆள் சேரவில்லையோ அங்கேதான் தொகை ஏறும். ஏன் சேரவில்லை என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

பணம் கையெழுத்துப் போட்ட அன்றே வராது. அடிப்படைப் பயிற்சியும் தொழில் பயிற்சியும் முடிந்து பணியிடத்துக்குப் போன பிறகுதான் தொடங்கும், பெரிய தொகை தவணையாகவே வரும். மத்திய வரியாக 22 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் 30,000 என்பது 23,400 ஆகக் கைக்கு வரும். ஒப்பந்தக் காலத்தை முடிக்காமல் விலகினால் மீதிக் காலத்துக்குரிய பங்கைத் திருப்பிக் கேட்பார்கள்.

போனஸ் தொகை, வேலைப் பிரிவு, வருடக் கணக்கு மூன்றும் ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று டி.டி. 4 என்ற ஒப்பந்தப் படிவமே சொல்கிறது. தீவிரப் பணி நான்கு வருடமானாலும் மொத்தக் கடப்பாடு எட்டு வருடம். மீதி வருடங்களில் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருக்கும், அழைத்தால் போக வேண்டும்.

கிரீன் கார்டு உள்ளவர் ராணுவத்தில் சேரலாம். ஆனால் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் சைபர், உளவு போன்ற வேலைகளுக்குக் குடியுரிமை வேண்டும். மகன் விரும்பும் மெக்கானிக் பிரிவுக்குக் குடியுரிமை தேவையா என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விமானம், ஹெலிகாப்டர் பழுதுபார்க்கும் பிரிவு கிடைத்தால் பலன் பெரிது: பாடியிலும் என்ஜினிலும் 30 மாத வேலை அனுபவம் இருந்தால் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) மெக்கானிக் உரிமத் தேர்வுகளை எழுதத் தகுதி வந்துவிடும். 36 மாதம் தீவிரப் பணி முடித்தால் மாநிலப் பல்கலைக்கழகக் கல்விக் கட்டணம் முழுவதும், வீட்டு வாடகைப் படியும் படைப்பணி செய்தவர்களுக்கான கல்வி உதவித் திட்டமான ஜி.ஐ. பில்லில் கிடைக்கும். இதற்கும் போனஸுக்கும் தொடர்பில்லை, போனஸ் இல்லாத பிரிவிலும் உண்டு. போனஸை விட்டுவிட்டு மெக்கானிக் பிரிவுக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள் என்பதே எங்கள் கருத்து. ஏற்கெனவே தாமதச் சேர்க்கையில் (இப்போது கையெழுத்து, பயிற்சி பின்னொரு நாளில் என்ற ஏற்பாடு) கையெழுத்துப் போட்டிருந்தாலும், பயிற்சிக்குக் கிளம்பும் நாள்வரை எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். ரெக்ரூட்டர் முடியாது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: பி.எஸ்ஸி. மூன்றாம் வருடம் படிக்கிறேன், வயது 20. கல்லூரி என்.சி.சி.யில் இருக்கிறேன். வயது வரம்பு முடிவதற்குள் அக்னிவீர் ஆகிவிடலாமா?
– திருநெல்வேலி மாணவி

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. அக்னிவீருக்கு வயது வரம்பு குறைவு என்பதால் உங்களுக்குப் பதற்றம் வருகிறது. அதிகாரியாகச் சேரும் ஷார்ட் சர்வீஸ் கமிஷனுக்கு 25 வயது வரை இடம் இருக்கிறது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100, அதோடு சர்வீஸ் பே 15,500, அகவிலைப்படி தனி. பத்து வருடப் பணி, விரும்பினால் மேலும் நான்கு. பதினான்கு வருடத்தோடு விலகினால் பென்ஷன் இல்லை, ஆனால் கிராஜுவிட்டியும் முன்னாள் ராணுவத்தினர் தகுதியும் உண்டு. பயிற்சி சென்னை பரங்கிமலை அகாடமியிலேயே நடக்கிறது.

பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வை யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. என்.சி.சி. 'சி' சான்றிதழைக் குறைந்தது 'பி' கிரேடில் பெற்று, பட்டப்படிப்பில் 50 சதவீதம் வைத்திருந்தால் அந்த எழுத்துத் தேர்வும் வேண்டாம். என்.சி.சி. சிறப்பு நுழைவில் நேராக எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். அது ஐந்து நாள் நடக்கும். இந்த வருடம் முகாம் எதையும் தவறவிடாமல் 'சி' சான்றிதழ்த் தேர்வை எழுதிவிடுங்கள். கல்லூரி முடிந்துவிட்டால் அந்த வாய்ப்பு திரும்ப வருவது கடினம்.