அந்தப் போத்தல் அம்மாவுக்கு அல்ல

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. வடிச்ச சோத்தைத் திரும்பக் கழுவப் போறா. பின்னேரமானால் "வீட்ட போவம்" எண்டு படலையடியில வந்து நிக்கிறா. அறளை பேந்திட்டுது எண்டு சனம் சொல்லுது. கனடாவில இருக்கிற தம்பி, மூளையில உள்ள 'டௌ' புரதத்துக்கு எதிரான மருந்து ஒன்லைனில விக்குதாம், அனுப்பவோ எண்டு கேக்கிறான். எடுக்கலாமோ?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம், தங்கச்சி. தம்பி கண்டது மருந்தில்லை, டௌவுக்கான பிறபொருளெதிரி (அன்ரிபொடி), அதாவது குறித்த ஒரு பொருளில் மட்டும் போய் ஒட்டும் புரதம். ஆய்வுகூடச் சாமான். லேபிளை வடிவாகப் பார்க்கச் சொல்லுங்கோ. 'ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் கிடக்கும்.

ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்த காலம் முழுக்க இரத்த வகை பார்க்க நீலப் போத்தலும் மஞ்சள் போத்தலும் என் கையில்தான். நீலம் 'ஏ'க்கு, மஞ்சள் 'பி'க்கு. வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு இரத்தத்தோடு கலந்தால், வகை பொருந்தியதும் மணல் மணலாகத் திரளும். அதற்குள் இருப்பதும் பிறபொருளெதிரிதான். அதை ஊசியாக ஏற்றி ஒருவரும் சுகப்பட்டதில்லை.

டௌவுக்கான பிறபொருளெதிரியும் அப்படித்தான். நரம்புக்கலத்துக்குள் ஓடும் நுண்குழாய்கள் குலையாமல் பிடித்திருக்கிற புரதம்தான் டௌ. அல்சைமர் என்ற மறதிநோயில் பொசுபேற்று என்ற இரசாயனக் கூறு அதில் அளவுக்கு மிஞ்சி ஒட்ட, கழன்று முறுக்கிச் சிக்காகிவிடும். 1906இல் அலோய்ஸ் அல்சைமர் விவரித்த சிக்குகள் இவைதான். 'ஏ.டி.8' என்ற பிறபொருளெதிரி, புரதச் சங்கிலியின் 202ஆம் 205ஆம் இடங்களில் பொசுபேற்று ஏறிய டௌவில் மட்டும் போய் ஒட்டும். சாயமிட்டால் அந்த இடம் கபிலமாகத் தெரியும். ஆனால் அதற்கு மூளைச் சீவல் வேண்டும், பெரும்பாலும் இறந்தவருடையது.

உயிரோடிருப்பவரின் இரத்தத்தில் 'பி-டௌ 217' என்ற, பொசுபேற்று ஏறிய டௌவை அளக்கும் சோதனை ஒன்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் நோயைக் கண்டுபிடிக்க மட்டுமே. லெக்கனெமாப், டொனனெமாப் என்ற ஊசிகள் மருந்துதான், ஆனால் அவை குறிவைப்பது அமிலோயிட் என்ற வேறு புரதத்தை. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், திருப்பாது. மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்கவும் வேண்டும்.

எம்.ஆர்.ஐ. என்றதும் எங்கட பக்கத்துக்கென்று ஒன்று சொல்லவேணும். அம்மாவின் உடம்பில் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) ஏதும் கிடக்கிறதா? எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரும்பை இழுக்கும். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கோ.

இப்ப செய்ய வேண்டியது கிளினிக்குக்குக் கூட்டிப்போவது. தைரொயிட், பி12, சோடியம், சீனி எல்லாம் இரத்தத்தில் பார்க்கலாம். இவற்றில் பிழை இருந்து மறதி வந்தால் திருத்த இடமுண்டு. கிணற்றடியில், முற்றத்தில் விழுந்தாவா, மனம் சோர்ந்து கிடக்கிறாவா, காது கேட்கிறதா என்பதையும் சொல்லுங்கோ. நித்திரைக் குளிசை உட்பட குடிக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கோ. ஒரே இரவில் தடுமாற்றம் கூடினால் கிளினிக் நாள்வரை பார்த்திருக்க வேண்டாம், அன்றே காட்டுங்கோ. வயதானவர்களுக்குச் சலத்தில் கிருமித் தொற்று வந்தாலும் அப்படி வரலாம்.