செல்போர்ன்: சுண்ணாம்பில் ஏறி, களிமண்ணில் வழுக்கி

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷர் மாவட்டத்தில், ஆல்ட்டன் ஊருக்குத் தெற்கே சுமார் நான்கு மைலில் இருக்கிறது செல்போர்ன். அந்தக் கிராமத்தைச் சுற்றிக் காட்டிலும் வயலிலும் நடக்க வருகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் கீழே. பலர் ஒன்றையே கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஹேரோவிலிருந்து: வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று கிளம்பினால் எல்லோரும் இரண்டரை மணி நேரம் ஆனதாகச் சொல்கிறார்கள். ஏன்?

இந்த ஊரில் தூரத்தைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது, மண்ணைப் பார்த்துப் போட வேண்டும். ஒரே நடையில் மூன்று மண் வரும். ஊருக்கு மேற்கே செங்குத்தாக நிற்கும் பீச் மரச் சரிவு முழுக்கச் சுண்ணாம்புக்கல். இங்கே இதை ‘ஹேங்கர்’ என்பார்கள். சரிவில் ஏறி உச்சிக்குப் போனால் சுண்ணாம்புக்கு மேல் களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்த ஒரு போர்வை. தண்ணீர் கீழே இறங்காமல் அங்கேயே தேங்கும். ஆகவே மேட்டில் ஏறியாகிவிட்டது, இனிச் சேறு இருக்காது என்று நினைப்பவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். ஊரும் கீழே உள்ள வயல்களும் நிற்பது பச்சைமணற்கல்லில். கிழக்கே இன்னும் இறங்கினால் கால்ட் என்னும் கனத்த களிமண். பிப்ரவரியில் ஒவ்வொரு பூட்ஸிலும் அரைக் கிலோ ஒட்டிக்கொண்டு வரும்.

காய்ந்த கோடையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 100 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் என்று வையுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அதை இரண்டால் பெருக்குங்கள். குதிரைகள் போகும் பாதை என்றால் இன்னும் கொஞ்சம் சேருங்கள். குளம்பு குத்தின குழியெல்லாம் தண்ணீர் நிற்கும்.

லெஸ்டரிலிருந்து: அண்ணை, மழை பெய்த அடுத்த நாள் ஜிக்-ஜாக் பாதையில ஏறலாமோ? அம்மாவும் வாறா, 68 வயசு. முழங்கால் கொஞ்சம் நோ.

ஏறலாம், இறங்க வேண்டாம். அந்தப் பாதை 1753இல் கில்பர்ட் வைட் என்ற பாதிரியாரும் அவர் தம்பி ஜானும் வெட்டியது. ஊரிலிருந்து உச்சி சுமார் 300 அடி. நேராக ஏற முடியாத சரிவு என்பதால்தான் திரும்பித் திரும்பிப் போகிறது.

ஈரமான சுண்ணாம்பைக் கிட்ட இருந்து பார்த்தால் விஷயம் புரியும். ஆயிரம் கால் மிதித்து மேல்பகுதி மாவாகியிருக்கும். மழை பட்டதும் அது தோசை மாவைவிட வழுவழுப்பாகும், ஆனால் அடியில் கல் கெட்டியாகவே இருக்கும். பூட்ஸின் அடிப்பல் மாவில் நிரம்பிவிடும், கல்லில் பதியாது. அதன்மேல் பீச் இலை உதிர்ந்து மூடினால் எது வேர், எது படி என்றே தெரியாது. விழுகிறவர்களில் பெரும்பாலோர் வளைவில்தான் விழுகிறார்கள், ஏனென்றால் உள்பக்கத்தைக் குறுக்கே வெட்டுகிறார்கள். அங்கேதான் சரிவு அதிகம், பாதையும் அரித்துப் போகும். வளைவின் வெளிப்பக்கமாகப் போங்கள்.

அம்மாவுக்கு ‘பாஸ்டல்’ பாதைதான் நல்லது. அடிவாரத்திலிருந்தே பிரிந்து, காட்டுக்குள் சாய்வாக, சீராக ஏறும். அதுவும் வைட் காலத்துப் பாதைதான். நீங்கள் ஜிக்-ஜாக்கில் ஏறி மேலே சந்தித்துக்கொள்ளலாம், இறங்கும்போது எல்லோரும் பாஸ்டலில் வாருங்கள். அம்மாவுக்கு ஊன்றுகோல் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. இறங்கும்போது அதை ஐந்து சென்டிமீட்டர் நீட்டி வையுங்கள், முழங்காலுக்குப் பாரம் குறையும்.

ஸ்லாவிலிருந்து: போன் செயலி காட்டும் பாதைகள் எல்லாவற்றிலும் நடக்கலாமா? கம்பங்களில் மஞ்சள், நீலம் என்று அம்பு இருக்கிறதே?

எல்லாவற்றிலும் நடக்க முடியாது. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான பொதுப்பாதை. நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். ஊதாவில் குதிரை வண்டியும் உண்டு, சிவப்பில் மோட்டார் வண்டியும் வரலாம். நான்கிலும் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல். 33ஆம் எண் தாளை வாங்குங்கள். அதில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பச்சைக் குறுங்கோடு நடைபாதை, பச்சை நெடுங்கோடு குதிரைப்பாதை. கறுப்புக் கோடு போட்டிருந்தால் தரையில் ஒரு தடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம், நடக்க உரிமை இருக்கிறது என்றல்ல. வழிதவறிப் பண்ணை முற்றத்தில் போய் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கறுப்புக் கோட்டைப் பிடித்துப் போனவர்கள்தான். உச்சியில் உள்ள பொதுநிலமான செல்போர்ன் காமன், நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளைக்குச் சொந்தம். அங்கே பாதையை விட்டும் நடக்கலாம்.

அதே அன்பர்: பாதை நேராகக் கோதுமைக்குள் போய் மறைந்துவிட்டால்?

நேராகவே போங்கள். வயலின் குறுக்கே போகும் நடைபாதையை விவசாயி உழலாம். ஆனால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் திரும்ப அமைத்துத் தரவேண்டும். வயல் ஓரமாகப் போகும் பாதை என்றால் ஒன்றரை மீட்டர், அதை உழவே கூடாது. பயிர் மூடிக் கிடந்தாலும் பாதையின் கோடு மாறுவதில்லை. எதிர்வேலியில் இருக்கும் கேட்டையோ ஏறிக் கடக்கும் மரப்படியையோ குறிவைத்து, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். பயிருக்கு மரியாதை என்று எண்ணிச் சுற்றிப் போனால் உரிமையில்லாத இடத்தில் மிதிக்கிறீர்கள், நாசமும் இரட்டிப்பு. அடைத்தே வைத்திருந்தால் ஹாம்ப்ஷர் கவுன்டி கவுன்சிலுக்கு இடத்தைக் குறித்துப் புகார் அனுப்புங்கள்.

பிரிஸ்டலிலிருந்து: நாயுடன் வருகிறோம். மாடுகள் துரத்தினால்?

காளை மட்டுமல்ல, கன்றுடன் உள்ள பசுவும் ஆபத்துதான். அது துரத்துவது பெரும்பாலும் நாயைத்தான். வயலுக்குள் நுழையும்முன் கேட்டிலேயே நின்று பாருங்கள். கன்று இருந்தால் மந்தைக்கும் கன்றுக்கும் நடுவே போகாமல், வேலியோரமாக விலகிச் சுற்றுங்கள். நெருங்கி வந்தால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள். பாய்ந்து வந்தால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பிவிடும், கயிற்றைப் பிடித்து நிற்கிற மனிதர்தான் மிதிபடுவார்.

காமன் போன்ற திறந்த நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் கட்டியே கொண்டுபோக வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம் அது. கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள், திறந்திருந்தால் திறந்தே.

கோவையிலிருந்து, வசந்தத்தில் மகள் வீட்டுக்கு வருகிறவர்: காட்டில் நீலமாகப் பூக்கும் புளூபெல் எப்போது? காட்டுப் பூண்டு பறித்துத் துவையல் அரைக்கலாமா?

ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும். குளிர் நீண்டால் பத்து நாள் தள்ளும். படம் எடுக்க நடுவில் போய் உட்காராதீர்கள், ஐயா. நசுங்கிய இலையால் கிழங்குக்கு உணவு சேர்க்க முடியாது, அடுத்த ஆண்டு அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். நில உரிமையாளர் அனுமதியின்றி வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

காட்டுப் பூண்டுத் துவையல் ருசிதான். சிக்கல் என்னவென்றால், ஆரம் என்ற விஷச்செடி அதே ஈர நிழலில், அதே மார்ச்சில், பூண்டு இலைகளுக்கு ஊடாகவே முளைக்கும். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்வதை நம்பாதீர்கள். நாலு இலை பறித்ததும் விரலே பூண்டாக மணக்கும், பிறகு எதை முகர்ந்தாலும் பூண்டுதான். நரம்பைப் பாருங்கள். பூண்டு இலையில் நரம்புகள் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், ஆரத்தில் வலைபோலப் பின்னியிருக்கும். முதிர்ந்த ஆர இலையின் அடியில் அம்புமுனைபோல இரண்டு காது உண்டு, ஆனால் இளம் இலையில் அது தெளிவாகத் தெரியாது. அதனால் கைநிறையப் பிடுங்காமல் ஒவ்வோர் இலையாகக் கிள்ளுங்கள். அனுமதி கேட்டுவிட்டுக் கிள்ளுங்கள்.

குரோய்டனிலிருந்து: உண்ணி கடித்தால் நெருப்பு வைக்கலாமா?

கூடாது. வாசலினும் வேண்டாம். மிரண்டால் அது வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள் கக்கும். கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டி, தலைப்பக்கமாகப் பிடித்து, நிதானமாக நேர்மேலே இழுங்கள். பிறகு கடிவாயைக் கழுவுங்கள். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்பக்கம், இடுப்புப் பட்டி, குழந்தைகளின் தலைமுடியோரம் பாருங்கள். எள்ளளவுதான் இருக்கும். அடுத்த சில வாரங்களில், சில சமயம் மூன்று மாதத்துக்குள், வட்டமாகத் தடிப்புப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ ‘உண்ணி கடித்தது’ என்று சொல்லியே மருத்துவரைப் பாருங்கள். உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு ஆன்டிபயாடிக் உண்டு, தாமதம்தான் கெடுதல்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: கார் இல்லை. டிசம்பரில் வரலாமா? சர்ச் வாசலில் ஒரு பழைய மரம் இருக்கிறதாமே?

வாட்டர்லூவிலிருந்து ஆல்ட்டனுக்கு ரயில், அங்கிருந்து பீட்டர்ஸ்ஃபீல்டு போகும் பஸ். பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமையை நம்பி வராதீர்கள். திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நடையைத் திட்டமிடுங்கள்.

அந்த யூ மரம் 1990 ஜனவரிப் புயலில் சாய்ந்துவிட்டது. திரும்ப நட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. அடிமரம் மட்டும் இருக்கிறது. சர்ச்சுக்குப் பின்னால் இறங்கினால் ஓடையைத் தாண்டி ஷார்ட் லித், லாங் லித் என்று இரண்டு காட்டுச் சரிவுகள். குறைந்த பகலுக்கு அந்த நடைதான் தோது.

டிசம்பரில் சூரியன் நாலு மணிக்கே போய்விடும், ஹேங்கருக்குள் அதற்கும் அரை மணி முன்பே இருட்டு. இரண்டரைக்குள் காட்டிலிருந்து இறங்கத் தொடங்குங்கள். தலையில் மாட்டும் விளக்கு கொண்டுவாருங்கள், போன் வெளிச்சத்துக்கு ஒரு கை போய்விடும். கிளம்பும்முன் ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு எஸ்.எம்.எஸ். செய்து, வரும் பதிலில் சொன்னபடி பதிவை முடித்து வையுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் குறைந்தாலும் பிறகு எழுத்தில் உதவி கேட்கலாம்.