எனாலாப்ரில் மாத்திரையும் அப்பாவின் வறட்டு இருமலும்

அப்பா பிபிக்கு எனாலாப்ரில் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மாதமாக வறட்டு இருமல், சிரப் மாற்றியும் நிற்கவில்லை, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், பிபி எகிறிவிடும். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. எனாலாப்ரில், ராமிப்ரில் வகை மருந்துகள் பிராடிகைனின் என்ற வேதிப்பொருள் உடலில் சிதைவதைத் தடுக்கின்றன. அது தேங்கினால் சிலருக்குச் சளியே இல்லாத இருமல் வரும். சிரப்புக்கு அது அடங்காது. மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் நின்றுவிடும்.

டாக்டரிடம் வெறுமனே "இருமுகிறார்" என்றால் பருவநிலை என்றுதான் நினைப்பார். மாத்திரை தொடங்கிய தேதி, இருமல் தொடங்கிய தேதி, இரவில் தூக்கம் கெடுகிறதா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டையோடு நீட்டுங்கள். லோசார்டான், டெல்மிசார்டான் மாதிரி வேறு வகை பிபி மாத்திரைக்கு மாற்றலாமா என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்பதால், காசநோய் இல்லை என்று உறுதி செய்ய, சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே பற்றியும் கேட்டுவிடுங்கள். உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், மருந்துப் பக்கவிளைவை வீட்டாரே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் எண் அது. மருந்துச் சோதனையில் கண்ணில் படாத விளைவுகள் இப்படித்தான் வெளியே வருகின்றன. பேட்ச் எண் கேட்பார்கள், அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.