ஆள் விழுந்தாலும் எழுத்து விழுந்தாலும் ஒரே பெயர்

கேள்வி (நர்சிங் மாணவி): டாக்டர் சார், கேஸ் ஷீட்டில் மயக்கத்தை ‘சிங்கபி’ என்று எழுதுகிறார்கள். மொழியியல் படிக்கும் என் அக்கா, அது தன் பாடத்திலும் இருக்கிறது என்கிறாள். இரண்டும் ஒன்றா?

பதில்: சொல் ஒன்றுதான் அம்மா. கிரேக்கத்தில் ‘கொப்டெய்ன்’ என்றால் வெட்டுவது. உங்கள் வார்டில் நினைவு சற்று நேரம் அறுந்துபோகிறது. அக்காவின் பாடத்தில் சொல்லுக்கு நடுவே ஒலி அறுந்துபோகிறது. இங்கிலாந்தில் ‘லெய்செஸ்டர்’ என்று எழுதிவிட்டு ‘லெஸ்டர்’ என்கிறார்களே, அதுதான்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): பிரேயரில் ஒரு பையன் திடீரென்று சாய்ந்தான். கை கால் லேசாக வெட்டியது. வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். சரியா ஐயா?

பதில்: சாவியால் ஒன்றும் ஆகாது சார். அசையாமல் வெயிலில் நின்றால் ரத்தம் காலில் தேங்கும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடித்துடிப்பு குறையும், ரத்தக் குழாய்கள் தளரும், மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். விழுவதற்குமுன் கண் இருட்டும், வியர்க்கும், முகம் வெளுக்கும். சில நொடி உடல் வெட்டுவது வெறும் மயக்கத்திலும் உண்டு. மயக்கம் என்றால் எழுந்ததும் பெரும்பாலும் தெளிவாகப் பேசுவான். வலிப்பு என்றால் குழப்பம் நிமிடக்கணக்கில் நீளும். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். நினைவு வருமுன் வாயில் சோடா ஊற்ற வேண்டாம். ஓடும்போதே விழுந்தாலோ, படுத்திருக்கும்போது மயங்கினாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தாலோ அன்றைக்கே இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

கேள்வி (தமிழ் எம்.ஏ. மாணவர்): அப்படியானால் நம் இடைக்குறைதானே சிங்கபி?

பதில்: பக்கத்து வீடு, அதே வீடு இல்லை தம்பி. நன்னூல் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்று பிரிக்கிறது: தாமரை ‘மரை’ ஆகும், ஓந்தி ‘ஓதி’ ஆகும், நீலம் ‘நீல்’ ஆகும். இது செய்யுளுக்குக் கொடுத்த சலுகை. அதிலும் ஓந்தியில் விழுந்தது மெய். சிங்கபியில் பெரும்பாலும் விழுவது உயிர்.

அதைப் பார்க்க ஏட்டைவிட நம் வீட்டு வாசல் நல்லது. ‘வருகிறான்’ என்று யார் சொல்கிறார்கள்? ‘வர்றான்’. உகரமும் ‘கி’யும் போனதும் ரகரமும் றகரமும் முட்டிக்கொண்டன. ர் பின்னால் ற் வர இலக்கணம் இடம் தரவில்லை. பரீட்சைத் தாளில் சிவப்பு மை விழும். திருத்துகிறவரே வீட்டுக்குப் போனதும் ‘யாரு வர்றா?’ என்பார்.

இன்னொன்று எனக்குப் பிடித்தது. எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரலாம் என்று சொல்லும் பகுதிக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் மெய்ம்மயக்கம். அங்கே மயக்கம் என்றால் கலத்தல். ஆக, கிரேக்கனைக் கேட்காமலேயே நம்மிடமும் ஒரே சொல் வார்டிலும் வகுப்பிலும் இருக்கிறது. அவன் வெட்டைப் பார்த்தான், நாம் கலப்பைப் பார்த்தோம்.

கேள்வி: இந்திக்காரர்கள் ‘ஜன்தா’ என்பது?

பதில்: அதுவும் இதே கதை. தேவநாகரியில் ஜ, ந, தா என்று மூன்றெழுத்து. நாம் எழுதியபடி ‘ஜனதா’ என்கிறோம். அவர்கள் நடு அகரத்தை விழுங்கிவிடுகிறார்கள். ‘நம்கீன்’ என்கிற கார நொறுக்குத்தீனி பாக்கெட்டிலும் ‘ம’வின் அகரம் எழுத்தில் மட்டும் உண்டு.

கேள்வி: கீபோர்டு மாஸ்டர் ‘சிங்கபேஷன்’ என்கிறாரே, உறவா?

பதில்: ஒரே வேர்தான். அழுத்தம் தாளத்தின் வலுவான அடியில் விழாமல் தள்ளி விழுவது. மேற்கொண்டு அவரையே கேளுங்கள், எனக்குத் தாளம் நிற்காது.