கேளுங்க, சொல்றேன்: அப்பாயி முகம் சிம்ஸ்ல வரமாட்டேங்குதா?

அக்கா, சிம்ஸ் 4 கம்ப்யூட்டர் கேம்ல எங்க அப்பாயிய செஞ்சு வைக்கணும்னு ஆச. காலம் பூரா தேயிலக் கொழுந்து எடுத்தவங்க, போன வருஷம் தவறிட்டாங்க. மூணு நாளா சிசி, அதான் கேம் ஆடுறவங்களே செஞ்சு நெட்ல போடுற சாமான், தேடித் தேடி முடி, தோல், சேல எல்லாம் எறக்கிப் போட்டுட்டேன், ஆனா பாக்க கல்யாண வீட்டுக்கு மேக்கப் போட்ட பொம்ம மாதிரி இருக்காங்க. இன்னும் நிறைய போடணுமா?
தலவாக்கலையில இருந்து ஒரு தங்கச்சி

போடாத தங்கச்சி, முதல்ல போட்டத கழட்டு. எல்லாத்தையும் கழட்டிட்டு கேம் தர்ற வெறும் முகத்த மட்டும் வச்சுக்கிட்டு உக்காரு.

நீ எறக்கின தோல் ‘ஓவர்லே’னு சொல்றது, அதாவது எந்த நிறத்துக்கு மேலயும் படியற மெல்லிசான ஒரு படலம். அத செய்றவங்க நிறைய பேர் வெளிர் தோல்ல வச்சுத்தான் செஞ்சு பாக்குறாங்க, மூக்கு மேல ஒரு வெள்ளக் கோடு, கன்னத்துல ஒரு மினுக்கு எல்லாம் அதுலயே வரைஞ்சிருக்கும், அத நம்ம நிறத்துல போட்டா அந்த வெள்ள சாம்பல் பூசின மாதிரி தெரியும், அதுதான் உன் பொம்ம. அதனால நிறத்த முதல்ல கேம்லயே எடு. 2020 டிசம்பர் அப்டேட்ல நூத்துக்கு மேல புது தோல் நிறம் குடுத்தாங்க, அதுல வார்ம், நியூட்ரல், கூல்னு பிரிச்சிருப்பாங்க, நம்மாளுங்களுக்கு முக்காவாசி வார்ம்லயே கெடைக்கும், கூடக் குறைய பண்ண கீழ ஒரு ஸ்லைடரும் இருக்கு. அதுக்கப்புறம் ஓவர்லே தேடு, ஆனா கருப்பான, வயசான சிம், அதாவது கேம்ல வர்ற ஆளு, மேல போட்டுக் காட்டின படம் இருந்தா மட்டும் எறக்கு. இன்னொன்னு, சிம் செய்ற எடத்துல இருக்குற வெளிச்சத்த நம்பாத. அங்க அழகா இருக்குற தோல் வீட்டுக்குள்ள வந்தா மண்ணு மாதிரி ஆகும். ஒரு தடவ முற்றத்துல பகல்ல நிக்க வச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணு.

முகத்துக்கு அப்பாயியோட ஐசி (அடையாள அட்டை) போட்டோ இருந்தா எடு, யாரும் சிரிக்காம நேரா பாக்குற ஒரே போட்டோ அதுதானே! கூடவே கல்யாண ஆல்பத்துல பக்கவாட்டுல நிக்கிற ஒன்னு, மூக்கு எவ்வளவு நீட்டம்னு அதுலதான் தெரியும். மூக்கு, உதடு, தாடைய மவுஸ்ல இழுத்துச் சரி பண்ணு, இழுத்தும் வரலன்னாதான் ‘பிரீசெட்’ சிசி, அதாவது முன்னாடியே செஞ்சு வச்ச மூக்கு, உதடு வடிவம். கண்ணுக்கும் ஒன்னு போதும். பளபளனு கண்ணாடி மாதிரி இருக்குற கண்ணெல்லாம் வேணாம், வயசானவங்க கண்ணு அப்படி இருக்காது.

அப்புறம் முடி. எங்க அம்மாயியும் மலைக்குப் போனவங்கதான், கொழுந்துக் கூடையோட கயிறு தலையில பட்டுப் பட்டு உச்சியில முடி தேஞ்சு, பின்னாடி நெல்லிக்கா அளவுக்கு ஒரு கொண்ட, அவ்வளவுதான். நானும் உன்ன மாதிரியே முதல்ல ஒரு ஆல்பா முடியப் போட்டேன், இழ இழையா மின்னிச்சு, அம்மாயி இல்ல, யாரோ டிவி சீரியல் மாமியார்! ஆல்பான்னா நிஜ முடி மாதிரி செஞ்சது, மேக்சிஸ் மேட்ச்னா கேம்ல உள்ள கட்டியான முடியோட ஒத்துப்போறது. ஒரு உடம்புல ரெண்டையும் கலந்தா தல ஒருத்தருது, உடம்பு இன்னொருத்தருதுன்னு ஆயிடும். நான் சொல்றது மேக்சிஸ் மேட்ச்ல தாழ்வா போட்ட ஒரு சின்ன நரக் கொண்ட, நெத்தி ஓரத்துல முடி மெலிஞ்ச மாதிரி ஒரு ‘ஹேர்லைன்’, அது தோல் விவரம்னு இருக்குற பகுதியில வரும்.

மூக்குத்தி ரெண்டு பக்கமும் வேணும்னா ஒரு சிக்கல், ஒரே வகையில ரெண்ட கேம் போட விடாது. அதனால சில பேர் மூக்குத்திய மோதிர வகையிலயோ கண்ணாடி வகையிலயோ வச்சுச் செஞ்சிருப்பாங்க, அங்கயும் தேடிப் பாரு.

சேலதான் கஷ்டம். கெடைக்கிறதெல்லாம் பட்டுச் சேல, மடிப்பு கலையாம விசிறி மாதிரி கட்டினது. கேம்காரங்க 2021-ல விட்ட ஃபேஷன் ஸ்ட்ரீட் கிட்டும் மும்பையப் பாத்து செஞ்சது. கணுக்காலுக்கு மேல தூக்கிக் கட்டி, இடுப்புல படங்கு சுத்தின கொழுந்துக்காரிய நான் இதுவரைக்கும் பாக்கல, யாராச்சும் செஞ்சா எனக்கும் எழுதுங்க. அதுவரைக்கும் சிம்ஸ் 4 ஸ்டூடியோன்னு ஒரு இலவச சாமான் இருக்கு, அதுல ஒரு சாதாரண சேலையோட படத்த வெளிய எடுத்து, நிறத்த மங்க வச்சு, ஓரத்துல கொஞ்சம் தேயிலக் கறையும் வரைஞ்சு திரும்ப உள்ள போடலாம். உன் சொந்த பாவனைக்கு வச்சுக்க, அடுத்தவங்க செஞ்சத கேக்காம ஊருக்குப் பகிராத.

அப்டேட் வந்துச்சு, என் சிம் எல்லாம் மொட்ட! நான் என்ன தப்பு பண்ணினேன்?
ஹட்டன்ல இருந்து ஒரு தம்பி

தப்பு உன்னுது இல்ல தம்பி, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கேம் தானாவே சிசிய ஆஃப் பண்ணிடும். கேம் ஆப்ஷன்ஸ், அதர், அங்க கஸ்டம் கன்டென்ட்ட திரும்ப டிக் பண்ணிட்டு கேம மூடித் தொற. ஆனா மொட்டையா இருக்கும்போது தெரியாம சேவ் மட்டும் பண்ணிடாத, நான் பண்ணி முப்பது பேருக்கு ராத்திரி பூரா முடி போட்டு விட்டேன், கரண்டும் ரெண்டு தடவ போச்சு. டிக் பண்ணியும் ஒருத்தருக்கு மட்டும் வரலன்னா ‘மெஷ்’, அதாவது முடியோட உருவம், இல்லாம நிறத்த மட்டும் எறக்கியிருப்ப, செஞ்சவர் பக்கத்துல மெஷ் தனியா இருக்கும். முகமே கோணலானா சிசி போட்டு வச்சிருக்குற மோட்ஸ் ஃபோல்டர்ல பாதிய வெளிய எடுத்துப் பாரு, சரியாச்சுன்னா கோளாறு எடுத்த பாதியில, அத திரும்பப் பாதியாக்கு, இப்படியே போனா ஒரு ஃபைல்ல வந்து நிக்கும். ‘லோக்கல்தம்ப்கேஷ்’னு இருக்குற ஃபைலையும் அழிச்சுடு, பயப்படாத, கேம் புதுசா செஞ்சுக்கும்.

பண்டாரவளையில ஒருத்தர் பென் டிரைவ்ல ‘பியூட்டி பேக்’னு சிசிய மொத்தமா 2500 ரூபாக்குத் தர்றார். டேட்டா மிச்சம்தானே?

டேட்டா மிச்சம், மத்ததெல்லாம் நட்டம். சிசி செய்றவங்க காசு குடுக்குறவங்களுக்கு கொஞ்ச நாள் முன்னாடி குடுக்கலாம், அப்புறம் எல்லாருக்கும் சும்மா குடுக்கணும், கேம் கம்பெனி வச்ச விதி அது. அவர் விக்கிறது யாரோ சும்மா குடுத்தது. முடிக்கும் தோலுக்கும் ‘பேக்கேஜ்’ ஃபைல் மட்டும் போதும், பேக்ல ‘டிஎஸ்4ஸ்கிரிப்ட்’னு முடியிற ஃபைல் இருந்தா தொடாத, அதுக்குள்ள நெஜமா ஓடுற புரோகிராம் இருக்கு, என்ன செய்யும்னு உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பிளேஸ்டேஷன்ல சிசி போடலாமா? 4 ஜிபி ரேம் லேப்டாப்ல?
மஸ்கெலியா

பிளேஸ்டேஷன்ல முடியாது. 4 ஜிபில ஓடும், ஆனா ஆல்பா முடிய மறந்துடு.